மருந்து வைத்த லென்சும் மல்லிகாவின் மீன் கூடையும்

இன்று காலை திருவொற்றியூர் மீன் சந்தைக்கு, என் பக்கத்துக் கடை மல்லிகா கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வந்தாள்.

"இன்னாடி, ஹீரோயின் வேஷத்தைக் கலைச்சிட்டியா?" என்றேன்.

"கலைச்சாச்சுக்கா. கண்ணை நல்லா பாரு."

பார்த்தேன். சிவப்பே இல்லை!

லாரிப் புழுதி ஒத்துக்கொள்ளாமல் மூன்று மாதமாக அவளுக்குக் கண் அரிப்பு. மெட்ராஸ் ஐ என்று பயந்து, வாங்க வருகிறவர்கள் அவள் கூடையைத் தாண்டிப் போனார்கள். அடிக்கடி சொட்டு மருந்து விடலாமென்றால் கையெல்லாம் மீன்.

"இப்ப கண்ணுல மாட்டுற லென்சுலயே மருந்து கீதுக்கா. கப்பல்ல போற தம்பி ஜப்பான்லருந்து வாங்கியாந்தான். ரெண்டு நாள் வூட்ல இருந்து சொட்டு மருந்து வுட்டு சிவப்பு எறங்கினப்பறம் டாக்டரும் சரின்னாரு. வூட்லயே கை கழுவி மாட்டிகினு வந்துட்டா அரிப்பே இல்ல. ராவுல கழட்டித் தூக்கிப் போட்டுடணும், மறுநாளு புதுசு."

நகத்தளவு லென்சுக்குள் மருந்தை வைத்த மகராசனுக்கு ஒரு முழு வஞ்சிரம் சும்மாவே கொடுக்கலாம்.

மதியத்துக்குள் அவள் கூடை காலி.

அவள் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

முதல் கை என்னுடையது. மீன் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.