ஊதாத் துணிக்குள் இருந்த புனிதர்

ஆண்டவருக்குள் அன்பான சொந்தங்களே, போன ஆண்டு அடைமழைக் காலத்தில் எங்கள் வீட்டில் சிரிப்பே நின்றுபோனது. என் கணவர் சூசைக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலை. வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்து எலும்பும் கூடிவிட்டது. ஆனால் இவர் காலை ஊன்றமாட்டேன் என்றுவிட்டார். அவ்வளவு பயம். இப்படியே கிடந்தால் முட்டி இறுகி, பிறகு நடக்கவே முடியாது என்றார் டாக்டர்.

முன்பெல்லாம் நான் எதைச் சொன்னாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அதுவும் நின்றுபோனது. அந்த நச்சரிப்புக்காக நான் ஏங்கினேன் என்றால் நம்புவீர்களா? அடுப்படியில் நின்று அழுதேன்.

தவக்காலத்தில் ஒரு நேர்ச்சை வைத்தேன். நகரத்தின் பழைய கோவில்கள் ஏழுக்கும் இவரைக் கூட்டிப்போய் மன்றாடுவேன், ஆண்டவர் இவரை நடக்கவைக்க வேண்டும். இவருடைய நண்பர் சேகர் புளியந்தோப்பில் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் இந்து. விஷயத்தைச் சொன்னதும், “வாடகை பேச்சே எடுக்காத அண்ணி. நானும் இந்தக் கோயிலுங்கள பாத்ததே இல்ல” என்று இவரையும் வாக்கரையும் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக் கிளம்பிவிட்டார்.

பரங்கிமலை, சின்னமலை, லஸ், சாந்தோம் என்று வடக்கு நோக்கி வந்தோம். கோவிலுக்குக் கோவில் நானும் சேகரும்தான் உள்ளே போனோம். இவர் ஆட்டோவை விட்டு அசையவில்லை.

“சும்மா குந்திகினு கீறியே மாமு, உள்ள வா” என்பார் சேகர்.

“நீ போய்ட்டு வா நைனா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார் இவர்.

ஏழாவது, பாரிமுனைப் பக்கம் இவர் ஞானஸ்நானம் பெற்ற கோவில். ஆட்டோவைப் பக்கவாசலை ஒட்டியே நிறுத்தினோம். தவக்காலத்தின் கடைசி நாட்கள் என்பதால் புனிதர்களின் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தோணியார் இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் ஒன்றின் முன் முழங்காலிட்டேன். ஏழாவது கோவிலும் முடியப்போகிறதே என்ற தவிப்பில் வாய்விட்டே அழுதேன்.

“அந்தோணியாரே, காணாமப் போனத எல்லாம் தேடித் தர்றவரே, எம் புருஷனோட தைரியம் காணாமப் போச்சு. தேடிக் குடுங்க.”

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“அய்ய, அது செபஸ்தியாரு. அந்தோணியாரு அந்தாண்ட கீறாரு. திருநாளுக்கு இவரத் தோள்ல தூக்கினவன் நானு, எனக்குத் தெரியாதா?”

திரும்பினேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்கிறார். வாக்கர் ஆட்டோவிலேயே கிடக்கிறது. வாசலில் சேகர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நான் இவருடைய கால்களைப் பார்த்தேன். அப்புறம்தான் இவரும் குனிந்து பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்தே வந்தது.

“ரெண்டு பேருக்குமே மெழுகுவர்த்தி ஏத்திடு. வம்பு வாணாம்” என்றார் இவர்.

இப்போது இவர் வேலைக்குப் போகிறார். ஞாயிறு பூசைக்கு என்னோடு நடந்தே வருகிறார், வழியெல்லாம் என்னைத் திருத்திக்கொண்டு. நன்றி ஆண்டவரே என்று சொல்லியபடி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது கட்டிலோடு முடங்கியிருந்தால் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஆளையே மாற்றிக் கூப்பிட்ட எனக்கே பதில் வந்தது. உங்களுக்கு வராமல் போகுமா?