எந்தப் பாரா?

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவரைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'எந்தப்பாரா' என்றால்தான் தெரியும். யார் எந்த விதியைச் சொன்னாலும், "எந்த உத்தரவு, எந்தப் பாரா?" என்று கேட்டுக் கழுத்தை அறுப்பார். ஒரே அறையில் கூடக் குடியிருந்த தையல்காரருக்கு மட்டும் அது வேடிக்கை. "பசிச்சாகூட எந்தப் பாரால இருக்குன்னு பாத்துட்டுத்தான்டா நீ சாப்பிடுவே!"

இரண்டு பேருக்கும் குடும்பம் கிடையாது. சண்டை, சமாதானம் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே.

போன வருஷம் தையல்காரர் நெஞ்சுவலி என்று இதே ஆஸ்பத்திரியில் படுத்தார். தீவிர சிகிச்சை வார்டு வாசலில் நர்ஸம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நீங்க அவருக்கு என்ன உறவு சார்?"

"ஒரே ரூம்ல இருக்கோம்மா."

"சொந்தக்காரங்களைத்தான் கம்ப்யூட்டர் உள்ள விடுது. நான் என்ன பண்ண?"

ஊரையே பாரா கேட்டுக் குடைந்த மனுஷன், அன்றைக்கு என்று பார்த்து வாயைத் திறக்கவில்லை. விதி என்றால் விதிதான் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணன் என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! பெஞ்சிலேயே சாவுச் சேதி வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் அறையில் ஒரே தட்டு, ஒரே டம்ளர். தையல் மிஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, அது கண்ணில் படாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். பேச ஆளில்லாமல் குரலே கம்மிப்போயிற்று.

இந்த வருஷம் புது வேலை வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு விதியும் எந்த உத்தரவிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். உத்தரவுகளை இணையத்தில் ஏற்றி, பாராவுக்குப் பாரா தனி முகவரி கொடுத்திருந்தார்கள். விதியைத் தொட்டால் அதன் மூலப் பாரா திறக்கும். எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கும் புரிகிற பொதுமுறை. "உங்களுக்குன்னே செஞ்ச வேலை சார்" என்றாள் புரோகிராமர் பெண்.

வார்டு விதிகளின் முறை வந்தது. 'உறவினர் மட்டும்.' மூல உத்தரவைத் தேடிப் பிடித்தார்.

'உறவினர், அல்லது நோயாளி பெயர் சொல்லிக் கேட்கும் எவரும்.'

மறுபடி படித்தார். எவனோ பாதி வரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு எழுந்து போயிருக்கிறான். பாழாய்ப்போகிறவன், மீதியைப் படித்தால் கண்ணா வலித்துவிடும்?

விடுவிடுவென்று வார்டுக்கு இறங்கினார். அதே நர்ஸம்மா.

"அன்னிக்கு அவன் யாரையாவது கேட்டானாம்மா?"

"உங்களைத்தான் சார். 'எந்தப்பாரா வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

மாடிக்கு வந்தவர் பாராவைக் காட்டினார். புரோகிராமர் பெண் விதியின் மறுபாதியையும் சேர்த்தாள். "சோதனைக்கு யாராவது ரெண்டு பேரைப் போட்டுப் பாருங்க சார்."

நோயாளி என்ற இடத்தில் தையல்காரரின் பேரை அடித்தார். நோயாளி கேட்டவர் என்ற இடத்தில் தன் பேரை. உறவு: எதுவுமில்லை.

அனுமதி உண்டு என்றது திரை.

"வேலை செய்யுதா சார்?"

"செய்யுதும்மா" என்றார். "இப்ப என்னை உள்ள விடுது."