அண்டா கேட்கப் போன ஜெபமணி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ராஜபாளையத்தில் என் விறகுக் கடையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பால்காரர் சைக்கிளில் இருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றிச் சொன்னார்: "மாடசாமி அண்ணே, ஜெபமணி அக்கா போயிட்டாவ. நெஞ்சு வலியாம். விடிஞ்சு பாத்தா உசுரு இல்ல." கையில் இருந்த கட்டையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டே அவர் வீட்டு வாசல் வரை போய்விட்டேன்.

அடக்கம் முடிந்ததும் சர்ச் போதகரான சபை ஐயர் என்னிடம், "அக்காவைப் பற்றி நீர் எழுதும், சபைப் பத்திரிகையில் போடுவோம்" என்றார். நான் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். ஆனாலும் அவர் பெயரை நானே எழுதுவதில் எனக்குச் சந்தோஷம். மெதுவாக எழுதினால் அவர் கூடவே கொஞ்ச நேரம் இருக்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா என்கிறேனே தவிர, அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். ஊரே அக்கா என்றது, நானும் என்றேன். "நீங்க எனக்கு அண்ணே, நான் உங்களுக்கு அக்கா. இது என்ன முறைன்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்று சிரிப்பார்.

நூல் மில்லில் அவருக்குக் கோன் சுற்றும் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலயத்துக்குப் போய்ப் பெருக்கி, பாய் விரித்துவிட்டுத்தான் போவார். வாரத்தில் ஒருநாள் லீவு. அந்த ஒருநாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுவார். பையில் ஒரு சீப்பும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் இருக்கும். என் வீட்டுக்காரி காய்ச்சலில் அங்கே கிடந்தபோது, நான் பன் வாங்கிக்கொண்டு போனேன். யாரோ ஒரு பெண் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். "இவிய யாருன்னே தெரியல. வந்தாவ, பேன் பாத்தாவ, சடை போடுதாவ" என்றாள் என் வீட்டுக்காரி. பத்து நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "மருந்து கொடுக்க டாக்டர் இருக்காவ. தலை வாரிவிட யாரு இருக்கா?" என்றார் ஜெபமணி அக்கா. எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

அவர் கணவர் கல்யாணத்தின்போது சபையில் சேர்ந்தவர். மாமியார் சேரவில்லை, கடைசி வரை பெருமாள் பக்தை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்த அம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு மலையேறப் போவார். அக்கா முந்தின நாளே வீட்டைக் கழுவி, தனிச் சட்டியில் சமைத்து, காலையில் பஸ் ஏற்றி விடுவார். "வீட்டுக்குள்ளயே பெருமாளா ஜெபமணி?" என்று சபையில் ஒருவர் குத்தலாகக் கேட்டார். "பெருமாள் இல்ல, எங்க மாமியார். முட்டுவலிக்காரி. பஸ் ஏத்தி விட வேண்டாமா?" என்றார்.

அவர் செய்ததில் பெரியது எது என்று கேட்டால் நான் அந்த அசனத்தை, அந்த ஆலய விருந்தைத்தான் சொல்வேன். மழை பொய்த்த வருடம் அது. எங்கள் தெருவுக்கும், சர்ச்சும் அக்காவின் சபைக்காரர்களும் இருக்கிற கோயில் தெருவுக்கும் சேர்த்து இருந்த ஒரே முனிசிபாலிட்டிக் குழாய் எங்கள் தெருவில் இருந்தது. கோயில் தெருப் பெண்கள் தண்ணீருக்கு இங்கேதான் வருவார்கள். ஒருநாள் நெரிசலில் அக்காவின் கால் பட்டு எங்கள் தெரு ரெங்கம்மாவின் பித்தளைக் குடம் நசுங்கியது. வாய்ச்சண்டை தெருச்சண்டை ஆனது. "இனிமேல் கோயில் தெரு ஆள் குழாய்க்கு வரக் கூடாது" என்று எங்கள் தெருவில் முடிவு செய்தார்கள். ஆறு மாதம் அந்தப் பெண்கள் கண்மாய்க் கரைக் கிணற்றுக்கு நடந்தார்கள். அக்கா என்னிடம், "என் ஒரு காலுக்கு இத்தனை பேரு கால் நோகுதே அண்ணே" என்று அழுதிருக்கிறார்.

சமாதானத்துக்கு வழி தேடி, அந்த வருட ஆலயப் பண்டிகை அசனத்துக்கு எங்கள் தெருவையும் அழைப்பது என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அசனம் என்றால் ஆட்டுக்கறிச் சோறு, எல்லோரும் ஒரே பந்தி. சுவரில் தொங்கிய இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துத் தேதி குறித்தார்கள். வருடா வருடம் விறகும் அடுப்பும் என் பொறுப்பு என்பதால் நானும் அங்கே நின்றேன். "சரி" என்று தலையும் ஆட்டினேன். தேதி என்ன என்று பார்த்தோமே தவிர, தமிழ் மாதம் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா வீட்டில் போய்ச் சொன்னதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாராம். "ஏட்டி, அது புரட்டாசி மூணாஞ் சனியில்லா! நான் மலைக்குப் போறேன். அந்தத் தெரு மொத்தமும் விரதம். கறிச்சோத்துக்கு எவ வருவா?"

அழைப்புக் கடிதங்கள் போய்விட்டன. தேதியை மாற்ற முடியாது. கமிட்டி மறுபடி கூடியது. "அவங்களுக்குச் சைவத்துல தனிப் பந்தி போட்டுருவோம்" என்றார் செயலாளர்.

"தனித்தனியாத்தான் இப்பவே உக்காந்திருக்கோமே. அதுக்கு எதுக்குப் பந்தி?" என்றார் அக்கா. "இந்த வருசம் எல்லாருக்குமே சாம்பார்தான்."

கூட்டம் கொதித்துப் போனது. "ரசம் குடிக்கவா நான் வேட்டி துவைச்சுக் கட்டிட்டு வரணும்?" என்று கமிட்டிக்காரர் பொன்னையா எழுந்தே விட்டார். ஐயர், "ஆடு இன்னும் ஒரு வாரம் உயிரோடு இருக்கட்டும்" என்றார். முடிந்தது.

ஆனால் பாத்திரம்? சபை அண்டாக்களில் வருடா வருடம் ஆடு வெந்திருக்கிறது. விரதக்காரர்களுக்கு ஆகாது. வாடகைப் பாத்திரத்தில் என்ன வெந்ததோ யாருக்குத் தெரியும்? எங்கள் தெரு பஜனை மடத்து அண்டாக்கள் சுத்தமானவை. அவை இருந்தது ரெங்கம்மா வீட்டில்!

"அங்கயா போறீய? விருந்துக்குக் கூப்பிடுறதே பெரிசு" என்றேன் நான்.

"கூப்பிடப் போனா நாம பெரிய மனுசி ஆயிருவோம் அண்ணே. கேக்கப் போனா அவிய பெரிய மனுசி ஆவாவ. அதுதான் வேணும்."

நான் பின்னால் நின்றேன். ரெங்கம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். உள்ளே கணவரிடம் ஏதோ தெலுங்கில் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"மதினி, அண்டா வேணும்" என்றார் அக்கா.

"என் குடத்தை மிதிச்ச காலு இதுதான?"

"இதேதான்."

"குடம் பத்தாதுன்னு இப்ப அண்டாவா?"

"அண்டாவை மிதிக்க எனக்கு உயரம் பத்தாது மதினி."

உள்ளே ரெங்கம்மாவின் கணவர் சிரித்துவிட்டார். ரெங்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எதுக்கு?" என்றார். அக்கா தேதி தவறியதில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"எங்களுக்காக உங்க ஆளுக கறி இல்லாம திம்பாங்களா?"

"ஒருநாள்ல யாரும் மெலிஞ்சிற மாட்டாவ."

ரெங்கம்மா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். பிறகு, "அண்டா மட்டும் தனியா வராது. எப்படிப் புழங்கணும்னு உங்களுக்குத் தெரியாது. நானும் கூட வருவேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை என் அடுப்பு எரிந்த மாதிரி எந்த வருடமும் எரிந்ததில்லை. ஆலய வளாகத்தில் இரண்டு தெருவும் ஒரே வரிசையில் உட்கார்ந்தது. பொன்னையா மூன்று முறை சாம்பார் வாங்கினார். அக்கா எப்போதும் கடைசியில், அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறவர். அன்று ரெங்கம்மா விடவில்லை. "நீ உக்காராம நான் கை நனைக்க மாட்டேன்" என்றார். அக்கா உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். திங்கட்கிழமை காலை குழாயடியில் ரெங்கம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "ஏட்டி ஜெபமணி, குடத்தை வை. உனக்கு அடுத்துத்தான் நான்."

எனக்கு அவர் மேல் ஒரு கோபம் உண்டு. ஊருக்காக எல்லாம் கேட்டவர் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று மில்லிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு தெருவும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கேட்கிற துணிச்சலைத்தான். தளவாய்புரத்தில் என் தம்பி இருக்கிறான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் வேப்பமரத்தைக் கேட்காமல் வெட்டியவன் நான். அதிலிருந்து பேச்சு இல்லை. அடக்கம் முடிந்த நாலாம் நாள் பஸ் ஏறிப் போய் அவன் வாசலில் நின்றேன்.

"ஏலே, ஒரு ஏணி வேணும்."

மேலும் கீழும் பார்த்தான். "ராஜபாளையத்துல ஏணியே இல்லையா?"

"இருக்கு."

"பஸ்ஸுல எப்படிக் கொண்டுட்டுப் போவ?"

அதை நான் யோசிக்கவில்லை. அவன் உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரியிடம் சொன்னான்:

"அண்ணன் வந்திருக்கு. இன்னும் ஒரு ஆளுக்கு அரிசி போடு."