அமைச்சர் நட்ட வரிசை

உக்ரைன் குடியரசின் வேளாண் அமைச்சர் ஒருவர் குற்றாலம் காண வந்தபோது, அவர் திக்கித் திக்கிப் பேசிய ஆங்கிலத்தைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பருத்த உடலினர், எவர் எதிர்ப்பட்டாலும் தொப்பியைக் கழற்றி வணங்குவார். "ஊர் திரும்பும்போது என் பதவி இருக்குமோ, தெரியாது" என்று வண்டியில் மெல்லச் சொன்னார்.

மேலகரத்தில் நடவு கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வழக்கப்படி ஒரு பெண் நாற்று முடியை அவர் காலடியில் வைத்து, அன்பளிப்பை எதிர்பார்த்து நின்றாள். நான் விளக்குமுன்பே, தம்மை நடவுக்கு அழைக்கிறாள் என்று கருதிய அவர், காலணிகளைக் கழற்றிச் சேற்றில் இறங்கிவிட்டார். அவர் யாரென்று நான் சொன்னதும் நடவுப் பெண்கள் கூவினார்கள்.

"ஏட்டி, இங்கன பாரு, மந்திரி நடுதாரு!"

"கோணலா நடுதீகளே அண்ணாச்சி!"

ஒரு வரிசையை முடித்தே கரையேறினார். "பதவி போய்விட்டால் என்னை வேலைக்குச் சேர்ப்பீர்களா?" என்று கேட்டார். தமிழாக்கினேன்.

"வாங்க அண்ணாச்சி, உங்களுக்குன்னு ஒரு வரிசை விட்டு வைக்கேன்" என்றாள் நாற்று வைத்தவள்.

மறு ஆண்டு, அவர் பதவி இழந்த செய்தியை நாளிதழில் கண்டேன். நடவுக் காலத்தில் அவ்வழியே சென்றபோது அவளிடம் தெரிவித்தேன். சேற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

"பொறவு ஏன் இன்னும் வரல?"

அதை மொழிபெயர்த்துச் சொல்ல அவர் என்னருகில் இல்லை.