மனத்திறன் தேர்வும் மாமா மகளும்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மாமா மகளும் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சேரப் போனோம். தச்சநல்லூரில் எங்கள் வீடும் மாமா வீடும் அடுத்தடுத்து. ஐந்து வருஷமும் வகுப்பில் அவள்தான் முதல். நான் எத்தனையாவது என்று யாரும் கேட்காமலிருப்பது நல்லது.

அந்த வருஷம்தான் அங்கே மனத்திறன் தேர்வு என்று புதிதாக ஒன்று வைத்தார்கள். கட்டம், முக்கோணம், விட்டுப்போன எண் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. டிக் அடித்தால் போதும், நேரம்தான் கொஞ்சம். எனக்கு ஒரு மண்ணும் புரியாததால் கைபோன போக்கில் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துத் தள்ளினேன். அவளோ, எங்கள் பழைய டீச்சர் அடித்துப் பழக்கியபடி, ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் மார்ஜின் போட்டாள். பிறகு முதல் கேள்வியிலிருந்து வரிசையாக, ஒன்றைச் சரிபார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டாள். பாதிகூடத் தாண்டவில்லை, மணி அடித்துவிட்டது.

அந்த மார்க்கை வைத்துத்தான் செக்‌ஷன் பிரித்தார்கள். எனக்கு அதிர்ஷ்டத்தில் ஏ செக்‌ஷன். அவளுக்கு டி. டி என்றால் மூளை மட்டு என்று சேர்ந்த அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மாமா போய்க் கேட்டதற்கு, பிள்ளை நல்ல பிள்ளைதான், திறன் அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"அளந்தே சொல்லிட்டாவ. இனி என்னத்தப் பேச," என்றார் மாமா, என் அப்பாவிடம். மகளை டாக்டராக்குவேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அதோடு விட்டாரா? சாயங்காலம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார். நானும் பெரிய வாத்தியார் தோரணையில் உட்கார்ந்தேன். ஒரு நாள் வீட்டுப்பாடத்தில் பின்னக் கணக்கு ஒன்றுக்கு எனக்கு ஒரு விடை, அவளுக்கு வேறு விடை. என் நோட்டை எட்டிப் பார்த்தவள், தன்னுடையதை அழித்துவிட்டு என் விடையை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கணக்குக்காக எனக்கு உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. அவள் அழித்ததுதான் சரியான விடை.

"சரியாத்தான போட்டிருந்த, ஏன்ட்டி அழிச்ச?" என்று கேட்டேன்.

"நீ ஏ செக்‌ஷன்லா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. எனக்கோ கை வலிகூட மறந்துபோனது. அவ்வளவு பெருமையாக இருந்தது.