முண்டந்துறை இறக்கத்தில் சிவப்பு விளக்கு

தை மாதக் கடைசி ஞாயிறு, காலை எட்டு பத்து. பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையிலிருந்து கிளம்பும்போதே மீட்டரைக் குறித்துக்கொண்டேன். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகும் காட்டுப் பாதையில் உள்ள அய்யனார் கோயில் வரை போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புவதாகத் திட்டம்.

வண்டி இஸ்மாயிலுடையது. என்னோடு படித்தவன், மேலப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறான். பழைய டீசல் வண்டி. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும். அந்த எஞ்சின் நின்றால் அவர்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். பின் சீட்டில் என் அத்தை, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். எங்கள் இருவர் காதையும் ஏழாம் வகுப்பில் திருகியவர். அய்யனாருக்கு விளக்கெரிக்க நேர்ந்துகொண்ட நல்லெண்ணெய், ஐந்து லிட்டர் டின்னாக டிக்கியில் இருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல்நாள் சாயங்காலம் அந்த வண்டிக்கு ஆயில் மாற்றியது நான். புத்தகத்தில் படித்தவனுக்குக் கை சும்மா இராது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டில் ஒரு திருகு உண்டு. பழைய ஆயிலை அதன் வழியாகத்தான் இறக்க வேண்டும். திருகின் தலைக்கும் தட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் செம்பு வளையம், வாசர், ஒன்று இருக்கும். அது கழிவு ஆயிலோடு சாக்கடையில் போய்விட்டது. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அந்த இடத்தில் போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. இஸ்மாயிலிடம் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குச் சேரன்மகாதேவி. சாலையின் இருபுறமும் நெல் பால் பிடித்து நின்றது. தேநீர் ஒன்றரை ரூபாய். குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்த அத்தை பின்பக்கம் நின்றுவிட்டார்.

"இஸ்மாயிலு, பம்பர்ல எண்ணெய் வழியுது பாரு. டின்னு ஒழுகுது."

"கடைக்காரன் ஓட்டை டின்னை நம்ம தலையில கட்டிட்டான் டீச்சர்."

அவன் டீக்கடையில் ஒரு துண்டு சோப்பு வாங்கி டின் மூடியைச் சுற்றித் தேய்த்து அடைத்தான். முன்னால் கசிகிற எஞ்சின் ஆயிலை, ஓடும் வண்டியின் காற்று அடிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய்ப் பின்னால் அப்பிவிடும் என்று நான் படித்திருக்கிறேன். அன்றைக்கு டின்தான் ஒழுகுகிறது என்று நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பத்தரைக்குப் பாபநாசம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பத்து ரூபாய். கம்பை உயர்த்திய காவலர் குனிந்து எச்சரித்தார்: "ஆறு மணிக்குள்ள இறங்கிருங்க. சாயங்காலம் ஆனை தண்ணிக்கு வருது."

பதினொன்றரைக்குக் கோயில். பாறைகளுக்கிடையே ஆறு முழங்கால் அளவில் ஓடியது. அத்தை டின்னை முழுவதும் விளக்குகளில் ஊற்றிவிட்டுக் காலி டின்னைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் கும்பிட்டார். குளித்தோம், புளியோதரை சாப்பிட்டோம், குரங்குகளுக்குப் பயந்து மிச்சத்தை மடியில் மறைத்தோம்.

மூன்று மணிக்கு நான் மட்டும் வண்டிக்குத் திரும்பினேன். முன்சக்கரங்களுக்கு நடுவே மணலில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஈரம். தொட்டு விரலில் தேய்த்தேன். நல்லெண்ணெய் என்றால் பொன்னிறமாக இருக்கும், எள் மணக்கும். இது கறுப்பு, கருகிய நெடி. கசிவு எஞ்சினுக்கு நேர் கீழே. டிக்கியோ ஒரு ஆள் நீளத்துக்கும் மேல் பின்னால் இருந்தது.  அப்போதே இஸ்மாயிலைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் காலால் மணலைத் தள்ளி அதை மூடினேன்.

"என்னல அங்கன பாக்க?" ஆற்றிலிருந்து ஏறி வந்த இஸ்மாயில் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. எறும்பு."

நான்கு பத்துக்குக் கிளம்பினோம். காட்டிலிருந்து இறங்கும் கடைசி பஸ் எங்களுக்கு முன்பே இறங்கிப் போயிருந்தது. முண்டந்துறை வரை சமதளம். மூங்கில் இருபுறமும் வளைந்து சாலையை இருட்டாக்கியது. அத்தை பின்னால் பேசிக்கொண்டே வந்தார். நான் டாஷ்போர்டு விளக்குகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறக்கம் தொடங்கும் வளைவில் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுங்கியது. பிறகு நிலைத்து எரிந்தது.

"ஏலே, ஆயில் லைட்டு ஏன் எரியுது?"

"ஆஃப் பண்ணு. மொதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணு."

"இங்கனயா? கிறுக்கால ஒனக்கு? அந்தா பாரு."

சாலை நடுவே யானைச் சாணம், ஈரம் காயாமல்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடினா எஞ்சின் ஜாம் ஆயிரும்லே."

அவன் சாவியைத் திருப்பினான். அந்த மௌனம் நான் அதுவரை கேட்காத ஒன்று. தூரத்தில் ஆறு, பக்கத்தில் வண்டுகள், அதற்கப்பால் எதுவும் இல்லை.

பானெட்டைத் திறந்து ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினேன். நுனியில்கூட ஒட்டவில்லை. கீழே படுத்துப் பார்த்தேன். சூடான ஆயிலில் ஊறிப் பருத்த டியூப் துண்டு, திருகின் ஓரத்தில் நாக்குப் போலப் பாதி வெளியே தள்ளியிருந்தது. அதன் வழியே கடைசி ஆயில் நிதானமாகச் சொட்டியது. இஸ்மாயிலும் என் பக்கத்தில் வந்து படுத்தான். வண்டிக்கடியில் அவன் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் ஒரு சொட்டை விரலில் ஏந்தினான். பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாம்லா" என்றான். "நேத்து விடு. மூணு மணிக்காவது சொல்லியிருக்கலாம்லா. எறும்புன்னியே."

நான் முதலில் வெளியே ஊர்ந்தேன்.

வெளியே வந்ததும் அவன் இடுப்பு பெல்ட்டை உருவினான். மாமா சவூதியிலிருந்து அனுப்பிய அசல் தோல். அத்தை எலுமிச்சை அறுத்த கத்தியால் அதன் நுனியில் வட்டம் வெட்டி நடுவில் துளை போட்டோம். சூடான திருகைத் துண்டால் பிடித்துக் கழற்றி, டியூபை எறிந்து, தோலை வைத்து இறுக்கினோம். சொட்டு நின்றது. ஆனால் ஊற்ற ஆயில் இல்லை. சாவடிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். மணி ஐந்து.

"எஞ்சின் இல்லாம பிரேக் பிடிக்குமா?" அத்தை கேட்டார்.

"பிடிக்கும் டீச்சர். ஆனா பிரேக்கு மட்டுந்தான் இருக்கும். அது சூடாகிட்டுன்னா..." அவன் முடிக்கவில்லை.

"அப்ப பைய உருட்டு. இடையில நிப்பாட்டி ஆறவிடு. சக்கரத்துக்கு வைக்க நான் கல்லு எடுத்துக்கிடுதேன்."

சாவியை மட்டும் போட்டு, கியரை விடுவித்து உருளத் தொடங்கினோம். டயர்கள் சரளையை நசுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இடப்பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்பதே பயமாக இருந்தது. அடித்தால் யானைக்குத் தெரியும், அடிக்காவிட்டால் யானை மேலேயே போய் நிற்போம். இரண்டாவது கிலோமீட்டரில் பிரேக் கருகும் நெடி வந்தது. நிறுத்தினோம். அத்தை குதித்து இறங்கிக் கல் வைத்தார். பத்து நிமிடம் ஆறவிட்டோம்.

அடுத்த வளைவுக்கப்பால் சாலை கொஞ்சம் ஏறியது. நூறடி கூட இராது. வண்டி மூச்சு விட்டதுபோல் நின்றது. இஸ்மாயில் சாவியைத் தொட்டான்.

"அரை நிமிஷம் ஓட்டட்டுமால?"

ஓட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பயம் அப்படி. "வேண்டாம். தள்ளலாம்" என்றேன்.

அவன் ஸ்டியரிங்கை வெளியிலிருந்து பிடித்துத் தள்ள, நானும் அத்தையும் பின்னால் முட்டுக் கொடுத்தோம். பெல்ட் இல்லாத கால்சட்டையை அவன் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாதி ஏற்றத்தில் வலப்பக்கக் காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தது. பெரிய கிளை. மூவரும் அப்படியே நின்றோம். கையெடுத்தால் வண்டி எங்கள் மேலேயே உருளும். இன்னொரு முறிவு, இன்னும் கிட்டத்தில். 

"தள்ளுல" என்றார் அத்தை, உதடு அசையாமல்.

தள்ளினோம். உச்சியில் கதவுகளைத் திறந்தபடியே ஓடி ஏறிக்கொண்டோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே அது யானைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐந்து ஐம்பதுக்குச் சாவடி. சத்தமில்லாமல் வந்து நின்ற வண்டியைக் காவலர் எழுந்து பார்த்தார். "என்ன, டீசலை மிச்சம் பிடிக்கீயளோ?" என்றார். 

அத்தையின் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு இஸ்மாயில் பாபநாசத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து விக்கிரமசிங்கபுரம் போய், நான்கு லிட்டர் ஆயிலோடு வந்தான். ஊற்றினோம். கம்பியில் மேல்கோடு வரை ஏறியது. சாவி மேல் அவன் விரல்கள் நின்றுகொண்டே இருந்தன. எஞ்சின் உள்ளே உரசியிருந்தால் முதல் சத்தத்திலேயே தெரிந்துவிடும். திருப்பினான். விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அத்தை வாய்விட்டு எண்ணினார். நான்கில் அணைந்தது. தட்டல் இல்லை, உரசல் இல்லை. இஸ்மாயில் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அதன்பின் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை. காலையில் நான் பார்த்த வயல்கள் இருட்டில் எங்கே கடந்தன என்றுகூட நான் கவனிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் நிறுத்திய வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு இஸ்மாயில் பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். காட்டில் மணல் எதையும் குடித்துவிடும், காலால் தள்ளினால் மூடியும்விடும். தாளில் அது நடக்காது.

விடிந்ததும் வந்தான். இருவரும் தாளை உருவிப் பார்த்தோம். கடுகளவில் ஒரே புள்ளி. அவன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தான். உள்ளே புதுச் செம்பு வாசர். அதையும் ஸ்பானரையும் என் கையில் வைத்தான்.

"நீயே மாட்டு. நான் பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

நுனி போன பெல்ட் அவன் இடுப்பில் கடைசித் துளையில் இழுத்து நின்றது. நான் வண்டிக்கடியில் நுழைந்தேன். அவனும் நுழைந்தான்.