நான் கழுவிய ரோமக் காசு

அறுபதுகளில் நான் பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த ஒரு குமாஸ்தா. பழங்காசுகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். தாராவிப் பட்டறையில் பித்தளைக்கு மெருகேற்றும் சுடலைமுத்து, பழைய சாமான்களுக்குள் கிடைத்த ஒரு காசை என்னிடம் கொடுத்து, "இது எந்த ஊருக் காசுன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

பச்சைக் களிம்பு படிந்த தடித்த காசு. எழுத்தைப் படிக்கும் அவசரத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். காசு மஞ்சளாகப் பளபளத்தது. களிம்போடு எழுத்தும் போய்விட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு நாணய நிபுணரிடம் இருவரும் போனோம். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"அரசன் தலையில் சூரியக் கதிர் போன்ற கிரீடம் இருக்கிறது. ரோமப் பேரரசின் பித்தளைக் காசுதான். ஆனால் அரசன் பெயரே அழிந்துவிட்டதே! யார் இதைக் கழுவியது?" என்று இந்தியில் கேட்டார்.

என் கை தானாகச் சுடலைமுத்துவைக் காட்டியது.

சுடலைமுத்து என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் சாப்" என்று இந்தியில் ஒப்புக்கொண்டார். நிபுணர் திட்டியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ஒங்க மொகம் செத்துப்போச்சு சார். நான் பித்தளை வெளக்குறவன்தான? நான் கழுவுனேன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாவ."

மறுவாரம் உண்மையைச் சொல்ல நிபுணரின் மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்று, இறங்கி வந்துவிட்டேன். சுடலைமுத்து எப்போதும்போலச் சிரித்துப் பேசினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை.